சரல் மண்ணுக்கு எந்த ஸ்டார்ட்டிங் பிளாக்? பிரிட்டிஷ் ஓட்டக்காரி டோரதி ஹைமன் ஓடிய தரையை வைத்து ஒரு மதிப்பீடு

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ விளையாட்டுச் சாமான் கடையில் ஸ்டார்ட்டிங் பிளாக் (குறுந்தூர ஓட்டத்தில் புறப்படும்போது காலை ஊன்றி உதைக்கும் சாதனம்) கேட்டால் பெரும்பாலும் இரண்டு வகையைக் காட்டுவார்கள். ஒன்று அலுமினியத் தண்டு, ரப்பர் ஒட்டிய கால்பலகை, அடியில் குட்டை ஊசிகள் என்று பளபளப்பாக இருக்கும். மற்றது கறுப்புப் பெயின்ட் அடித்த இரும்புப் பட்டை, மரப்பலகை, தனியாகக் கயிற்றில் கட்டிய நீள ஆணிகள். பார்த்தவுடன் மனசு முதலாவதற்குத்தான் போகும். ஆனால் குமரி மாவட்டத்துப் பள்ளி மைதானத்துக்கு வாங்குகிறவர்கள் இரண்டாவதைத்தான் வாங்க வேண்டும். அதன் விலையும் குறைவு.

அலுமினிய பிளாக்கின் ஊசிகள் செயற்கை டிராக்கின் ரப்பரைக் கவ்விப் பிடிப்பதற்காகச் செய்தவை. தக்கலை, குலசேகரம் பக்கத்துச் செம்மண் சரலில், அதாவது சரளை மண்ணில், அவை மேல்தோலைக் கீறுவதோடு சரி. பெண் பிள்ளைதானே, எடை குறைவு, தாங்கும் என்று நினைப்பது தப்பு. புறப்படும் முதல் உதையில் பிளாக் அரை அங்குலம் பின்னால் நகர்ந்தால் போதும், முன்னே தள்ள வேண்டிய விசை மண்ணைத் தள்ளுவதில் போய்விடும். இரண்டாவது எட்டில் தடுமாற்றம். கால்பலகையை எப்படி வேண்டுமானாலும் மாற்றி அமைக்கலாம், ஆனால் புறப்படும்போது பிளாக் துளியும் அசையக் கூடாது என்று தடகள விதியே சொல்கிறது.

இந்த ஆணி வகை பழசு என்று ஒதுக்குகிறவர்கள் பிரிட்டிஷ் ஓட்டக்காரிகளின் பாதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1936 பெர்லினில் 4x100 மீட்டர் தொடர் ஓட்டத்தில் 47.6 விநாடியில் வெள்ளி வாங்கிய ஐலீன் ஹிஸ்காக், வயலட் ஓல்னி, ஆட்ரி பிரவுன், பார்பரா பர்க் நால்வரும் ஓடிய காலத்தில் ஒலிம்பிக்கில் பிளாக்கே கிடையாது. சின்னக் கரண்டியால் டிராக்கில் குழி தோண்டி அதில் காலை வைத்துத்தான் புறப்பட வேண்டும். அகில உலகத் தடகளச் சம்மேளனம் பிளாக்கை ஏற்றது 1937-ல். நடுவில் போர் வந்ததால் ஒலிம்பிக்கில் முதன்முதலாகப் பயன்பட்டது 1948 லண்டனில்.

அந்த லண்டன் 100 மீட்டர் இறுதி ஆகஸ்ட் 2-ந் தேதி, மழையில் ஊறிய சிண்டர் டிராக்கில் நடந்தது. சிண்டர் என்பது நிலக்கரி எரிந்த கசடை இடித்துப் பரப்பி உருளை ஓட்டிய தரை. ஹாலந்தின் பேனி பிளாங்கர்ஸ்-கோயன் 11.9-ல் முதலாவது. 12.2-ல் இரண்டாவதாக வந்தவர் லண்டன்காரி டோரதி மேன்லி. உயரம் தாண்டுதலில் இருந்து ஓட்டத்துக்கு வந்தவர். அதே 12.2 என்று குறிக்கப்பட்ட ஆஸ்திரேலியாவின் ஷெர்லி ஸ்ட்ரிக்லாண்டுக்கு வெண்கலம். 200 மீட்டரிலும் பிரிட்டனின் ஆட்ரி வில்லியம்சனுக்கு 25.1-ல் வெள்ளி. இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை ஓய்ந்த மறுநாள் நம் மைதானம் எப்படிக் கிடக்குமோ, ஏறக்குறைய அப்படிப்பட்ட தரையில் வந்த பதக்கங்கள் இவை.

அடுத்த பெரிய பெயர் டோரதி ஹைமன். 1941-ல் பிறந்தவர், யார்க்‌ஷயரில் பார்ன்ஸ்லி அருகே கட்வொர்த் ஊர், சுரங்கத் தொழிலாளியின் மகள். 1958 கார்டிஃப் காமன்வெல்த் போட்டியில் 17 வயதில் தொடர் ஓட்டத் தங்கம். 1960 ரோமில் 100 மீட்டரில் வில்மா ருடால்ஃபுக்கு (11.0) அடுத்து 11.3-ல் வெள்ளி, 200 மீட்டரில் 24.7-ல் வெண்கலம். 1962-ல் பெல்கிரேடில் 100 மீட்டர் ஐரோப்பியச் சாம்பியன், அதே ஆண்டு பெர்த்தில் 100 கெஜம், 220 கெஜம் இரண்டிலும் காமன்வெல்த் தங்கம். 1964 டோக்கியோவில் ஜேனட் சிம்ப்சன், மேரி ரேண்ட், டாஃப்னி ஆர்டனோடு சேர்ந்து 44.0-ல் தொடர் ஓட்ட வெண்கலம். ரோமும் டோக்கியோவும் சிண்டர்தான். செயற்கை டிராக் ஒலிம்பிக்குக்கு வந்தது 1968 மெக்சிகோவில். ஹைமனின் ஒலிம்பிக் பதக்கம் ஒவ்வொன்றும் இளகும் தரையில் வந்தது என்பதை பிளாக் வாங்கப் போகிற பி.டி. சார், டீச்சர் எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி சாமானுக்கு வருவோம். நடுப்பட்டை சுமார் இரண்டரை அடி நீளம். அதில் வரிசையாகத் துளைகளோ பல்லோ இருக்கும், கால்பலகைகளை அதில் நகர்த்தி பட்டர்ஃபிளை நட் (கையாலேயே முறுக்கும் சிறகு வைத்த நட்) போட்டு முறுக்க வேண்டும். துளை உள்ளதே மேல். பல் உள்ளதில் சேறு புகுந்து காய்ந்தால் பாதிப் பல்தான் கவ்வும், உதைக்கும்போது பலகை ஒரு பல் பின்னே துள்ளிவிடும். குறைந்தது நான்கு ஆணிகள் வேண்டும்; ஒவ்வொன்றும் ஐந்து முதல் ஆறு அங்குலம் நீளம், பென்சில் பருமன் இருக்க வேண்டும். கடையில் நாலு அங்குல ஆணி கொடுத்தால் வாங்காதீர்கள், சரல் மேலடுக்கு உதிர்வது; அதைத் தாண்டி இறுகிய மண்ணில் ஆணி இறங்கினால்தான் பிடிப்பு.

பலகையின் முகம் மரமாக இருந்தால் ஸ்பைக்ஸ் (அடியில் கூர் வைத்த ஓட்டக் காலணி) பின் நன்றாகப் பதியும். ஆனால் மழைக்காலம் ஒன்று கடந்தால் ஒட்டுப்பலகை உரியத் தொடங்கும். அப்போது லாரி டயரின் ஓரத்துண்டை அளவாக வெட்டி, தலை பதியும் திருகாணியால் அடிப்பது நல்ல வழி. நம் ஊரில் எளிதாகக் கிடைக்கிறதே என்று தோட்டத்து ரப்பர் ஷீட்டை ஒட்டினால் பயனில்லை. கந்தகம் சேர்த்து வேகவைக்காத ரப்பர் வெயிலில் இளகிப் பிசுபிசுக்கும், பின்னைப் பிடித்து இழுக்கும்.

பொருத்தும் முறையில்தான் பெரும்பாலான மைதானங்களில் கோளாறு. முந்தின நாள் சாயங்காலம் கோட்டுக்குப் பின்னால் மூன்றடி தூரத்துக்கு ஒவ்வொரு லேனிலும் இரண்டு வாளித் தண்ணீர் தெளித்து இடிகட்டையால் இடிக்க வேண்டும். சிண்டர் டிராக்கையும் இப்படித்தான் நனைத்து உருட்டி வைத்திருப்பார்கள், காய்ந்த கசடு பிடிக்காது. காலையில் மண் ஈரமாக, ஆனால் கையில் ஒட்டாமல் இருக்கும் பதத்தில் பிளாக்கை வையுங்கள். நடுப்பட்டை லேனுக்கு நேராக, முன்நுனி கோட்டைத் தொடாமல் இருக்க வேண்டும். ஆணியைக் கல்லால் அடிக்காதீர்கள், தலை மடங்கினால் பிறகு துளையில் இருந்து உருவ முடியாது. ஒரு கிலோ சுத்தியல் போதும். துளை இடம் கொடுத்தால் ஆணியின் தலை ஓடும் திசைக்குச் சற்றுச் சாய்ந்திருக்கட்டும். மாடு பின்னே இழுக்கும்போது முளை பிடுங்காதபடி சாய்த்து அடிப்போமே, அதே கணக்கு.

அளவு ஓடுகிறவரின் பாதத்தை வைத்து. கோட்டில் இருந்து முன் பலகைக்கு இரண்டு பாத நீளம், பின் பலகைக்கு மூன்று. பாதம் 24 செ.மீ. என்றால் 48-ம் 72-ம். முன் பலகை 45 பாகை, பின் பலகை இன்னும் நிமிர்ந்து 60 பாகை அளவில். 'செட்' நிலையில் (புறப்படுவதற்குச் சற்று முன் இடுப்பை உயர்த்தி நிற்கும்போது) முன் முழங்கால் ஏறக்குறைய 90 பாகை, பின் முழங்கால் 120 முதல் 130. இது தொடக்கக் கணக்குதான், காலும் கையும் நீளமான பிள்ளைக்கு இரண்டு மூன்று செ.மீ. பின்னே தள்ள வேண்டி வரும். கடைசியில் பிளாக்குக்குப் பின்னால் ஒரு ஆள் குனிந்து கையால் ஓங்கித் தள்ளிப் பார்க்கட்டும். அசைந்தால் ஆணியைப் பிடுங்கி ஒரு சாண் தள்ளிப் புதிய இடத்தில் அடியுங்கள். அதே குழியில் திரும்ப அடித்தால் நிற்கவே நிற்காது.

குளச்சல், முட்டம், கன்னியாகுமரி என்று கடற்கரைப் பக்கத்துத் தேரி மணலில் எந்த ஆணியும் பிடிக்காது. அங்கே இரண்டடிப் பனங்கட்டை ஒன்றைக் குறுக்காக வைத்து, ஒரு அடி ஆழத்துக்குப் புதைத்து இடித்து, நடுப்பட்டையின் பின்நுனி அதில் முட்டும்படி பிளாக்கை வைக்க வேண்டும். வேறொரு பிள்ளையை பிளாக்கின் மேல் மிதித்து நிற்கச் சொல்லும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அது ஆபத்து. பட்டை துள்ளினால் நிற்கிறவளின் கணுக்கால் பிசகும்.

ஸ்பைக்ஸ் பின்னும் தரைக்கு ஏற்ப மாற வேண்டும். செயற்கை டிராக்கில் 9 மி.மீ.க்கு மேல் கூடாது என்பது விதி. மண்ணுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, 25 மி.மீ. வரை போகலாம். அவ்வளவு தேவைப்படாது. காய்ந்த சரலுக்கு 9, மழைக்குப் பிந்தைய இளகிய தரைக்கு 12. பின்னின் மரையில் துளி கிரீஸ் தடவி முறுக்குங்கள், இல்லையென்றால் செம்மண் இறுகி, மாற்றும்போது தலை உடையும்.

நேரம் எடுப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிளாக் நல்லதா என்று பலரும் ஸ்டாப்வாட்சை வைத்தே முடிவு கட்டுகிறார்கள். ஹைமன் காலத்து அதிகாரபூர்வ நேரங்கள் பத்தில் ஒரு விநாடி வரைதான் குறிக்கப்பட்டன. கடிகாரத்தை அமுக்குகிறவர் துப்பாக்கியின் புகையையோ ஒளியையோ பார்த்துத்தான் அமுக்க வேண்டும். நம் பள்ளிகளில் கோட்டருகே விசில் ஊத, 100 மீட்டர் தள்ளி நிற்பவர் சத்தம் கேட்டு அமுக்குகிறார். ஒலி அந்தத் தூரத்தைக் கடக்க ஏறக்குறைய 0.3 விநாடி ஆகும். ரோமில் ருடால்ஃபின் தங்கத்துக்கும் ஹைமனின் வெள்ளிக்கும் நடுவே இருந்த இடைவெளி அதேதான். விசிலோடு கையில் ஒரு வெள்ளைத்துணியைச் சட்டென்று இறக்கச் சொல்லி, அதைப் பார்த்து அமுக்கினால்தான் போன மாதத்து நேரத்தோடு இந்த மாதத்தை ஒப்பிட முடியும்.

பிளாக்கினால் முதல் சில எட்டுகள் சீராகும். அதற்கு மேல் அது ஒன்றும் செய்யாது. 1960 ரோமில் தொடர் ஓட்ட இறுதியில் ஹைமன் இருந்த பிரிட்டிஷ் அணி ஓட்டத்தையே முடிக்கவில்லை. முதல் ஓட்டக்காரிக்கு மட்டும்தான் பிளாக், மற்ற மூன்று பேருக்கும் கோல் மாற்றும் பயிற்சிதான் கை கொடுக்க வேண்டும். ஹைமனின் முடிவோ இன்றைக்கும் மனதை வருத்துவது. 1963-ல் பி.பி.சி.யின் ஆண்டின் சிறந்த விளையாட்டு வீரர் விருது பெற்றவர், மறு ஆண்டு தன் வரலாற்றை எழுதிப் பணம் பெற்றதற்காக அமெச்சூர் (விளையாட்டால் பணம் ஈட்டாதவர்) தகுதியை இழந்தார். அப்போது அவருக்கு 23 வயது. 1969-ல் மறுபடி பிரிட்டனில் ஓடி வென்றபோதும் நாட்டுக்காக ஓட அனுமதி கிடைக்கவில்லை. அந்தக் கால்களில் இன்னும் பல ஓட்டங்கள் இருந்தன.

பராமரிப்பு அதிகமில்லை. பயிற்சி முடிந்ததும் தென்னை ஈர்க்குத் துடைப்பத்தால் மண்ணைத் தட்டி, உலர்த்தி, மரைகளிலும் ஆணிகளிலும் கழிவு எண்ணெய் பூசினால் உப்புக்காற்று உள்ள இடத்திலும் சில ஆண்டு தாங்கும். முதலில் தொலைவது பட்டர்ஃபிளை நட்தான். கடையிலேயே நான்கு நட் கூடுதலாகக் கேட்டு வாங்குங்கள். போல்ட் 10 மி.மீ. என்றால் ஸ்பிரிங் வாஷரோடு சாதா நட்டும் பொருந்தும், 17 நம்பர் ஸ்பேனர் வேண்டும். பில் போடும் முன் ஒவ்வொரு ஆணியையும் ஒவ்வொரு துளையிலும் இட்டுப் பாருங்கள். பெயின்ட் துளைக்குள் திரண்டு நின்று ஆணி பாதியில் சிக்குவது இந்த வகையில் அடிக்கடி காண்கிற குறை. வட்ட அரத்தால் கடைக்காரரையே தேய்த்துத் தரச் சொல்லலாம்.