நான்கு மழைக்காலம் கண்ட கம்பி வடங்கள்

பழைய துணியால் வடத்தைத் துடைத்துக்கொண்டு வந்தபோது கட்டைவிரலில் சுருக்கென்று ஏறியது, அறுந்து நீட்டியிருந்த ஓர் இழை. மும்பையில் நான் வைத்திருக்கும் 22 அடிப் பாய்மரப் படகில், பாய் கட்டும் மரத்தை நிறுத்திப் பிடிக்கும் ஆறு கம்பி வடங்களையும் மாற்றுவது என்று அன்றே முடிவானது. அது 2021. மழைக்காலத்தில் இங்கே படகைக் கரையேற்றி மரத்தை இறக்கிவிடுவோம் என்பதால் மேலே ஏறும் வேலை மிச்சம்.

இரும்புச் சாமான் கடைகள் உள்ள நாக்தேவி தெருவில் முதலில் காட்டியது வளைந்து கொடுக்கும் வடம். கப்பியில் ஓட அது சரி. மரத்தை நிறுத்திப் பிடிக்க ஆகாது, இழுபடும். 316 ரகத் துருப்பிடிக்காத எஃகில் 19 கம்பிகளை ஒரே புரியாக முறுக்கிய, 5 மி.மீ. விறைப்பு வடம்தான் தேவை. வடத்தின் நுனிகளில் மாட்டும் பூண்களில், இயந்திரத்தில் நசுக்கிப் பொருத்தும் வகையை விட்டு, கையால் முறுக்கும் வகையை வாங்கினேன். வெளியே உள்ள 12 கம்பிகளைப் பிரித்து, நடுவில் நிற்கும் ஏழின் மேல் கூம்பைச் செருகி மூட வேண்டும். விலை கூடுதல்தான். ஆனால் அதுவே என்னைக் காப்பாற்றியது.

பழைய வடத்தின் நீளத்தையே அளவாக எடுத்தேன். ஆண்டுக்கணக்கில் இழுபட்டு அது நீண்டிருந்ததை யோசிக்கவில்லை. மரத்தை நிறுத்தினால், வடத்தை இறுக்கும் திருகான டர்ன்பக்கிளை முழுக்க முறுக்கியும், மரத்தை முன்பக்கம் இழுத்துப் பிடிக்கும் முன்வடம் தொங்கியது. "துணி தைக்கிறவன்கூடப் பழைய சட்டையை அப்படியே அளவெடுக்க மாட்டானே தம்பி" என்றார் உதவிக்கு வந்த தாராவி அண்ணாச்சி. தூத்துக்குடியில் தோணி ஓட்டியவர். நுனியைக் கழற்றி, வெட்டி, புதுக் கூம்பு போட்டு மூடினோம். நசுக்கிய நுனியாக இருந்தால் அது முடிந்த கதை.

முதல் பருவத்தில் புதுக் கம்பி படிய நேரம் எடுத்தது. இரண்டு முறை இறுக்கினேன். மரையில் கிரீஸ் தடவ மறந்த ஒரு டர்ன்பக்கிள் எஃகோடு எஃகு கவ்வி இறுகிப்போனது. ரம்பத்தால் அறுக்கத்தான் வேண்டியிருந்தது. மேலே படியும் தேநீர் நிறக் கறை பார்க்கத்தான் பயம், துடைத்தால் போகிறது.

கவலை எப்போதும் கீழ் நுனியில்தான். உப்புநீர் வழிந்து அங்கேதான் தேங்கும், காற்றுப்படாத இடுக்கில் இந்த எஃகும் அரிக்கும். நான்காம் மழைக்காலம் முடிந்ததும் ஆறு கீழ் நுனிகளையும் திறந்தேன். ஐந்தில், நீர் புகாமல் உள்ளே நிரப்பிய சிலிக்கோன் பசை அப்படியே, உள்ளே பளபளப்பு. முன்வடத்தில் பசையில் கஞ்சத்தனம் காட்டியிருக்கிறேன்: கூம்பைச் சுற்றிப் பழுப்பு. அதற்கான புது வடம் மாதுங்கா வீட்டுக் கட்டிலுக்கு அடியில் சுருண்டு கிடக்கிறது. இம்முறை அளவு எடுப்பவர் அண்ணாச்சி.