கணவருக்கு சிபில் குறைவு: வீட்டுக் கடனைச் சேர்ந்து வாங்குவதா, தனியாகவா, காத்திருப்பதா?

தாம்பரம் பக்கம் 50 லட்ச ரூபாயில் ஒரு அடுக்குமாடி வீடு. கையில் 10 லட்சம் இருக்கிறது, 40 லட்சம் கடன் வேண்டும். கடனை ஒழுங்காகத் திருப்பிக் கட்டுபவரா என்று வங்கிக்குக் காட்டும் எண்தான் சிபில் மதிப்பெண். அக்காவுடையது 781, அத்தானுடையது 612. 300-இல் தொடங்கி 900-இல் முடியும் இந்த அளவில், 750-ஐத் தாண்டியவர்களைத்தான் வங்கிகள் முகம் மலர்ந்து வரவேற்கின்றன. சென்ற ஞாயிறு மூவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம்.

இப்போதே சேர்ந்து விண்ணப்பித்தால் இரண்டு சம்பளமும் கணக்கில் வரும். 40 லட்சம் கிடைக்க வாய்ப்புண்டு. ஆனால் குறைந்த மதிப்பெண்ணை வைத்து வட்டியை ஏற்றும் வங்கிகளும் உண்டு, விண்ணப்பத்தையே திருப்பி அனுப்பும் வங்கிகளும் உண்டு. 8.5 சதவீதம் 9.5 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 20 ஆண்டுக் கடனுக்கு மாதத் தவணை 34,713-இலிருந்து 37,285 ஆகும். "மாதம் 2,572 ரூபாய்தானே" என்றார் அத்தான். 240 மாதத்துக்குப் பெருக்கிக் காட்டினேன்: 6 லட்சத்து 17 ஆயிரம். பிறகு வேறு வங்கிக்கு மாற்றிக்கொள்ளலாம், மாறும் வட்டிக் கடனை முன்கூட்டி அடைக்க அபராதமும் இல்லை. ஆனால் பரிசீலனைக் கட்டணம், அடமானப் பதிவுச் செலவு எல்லாம் மறுபடியும் முதலிலிருந்து.

அக்கா பெயரில் மட்டும் வாங்கினால் வட்டி குறையும், பெண்களுக்கென்று 0.05 சதவீதம் குறைக்கும் வங்கிகளும் இருக்கின்றன. ஆனால் அவள் சம்பளம் 48,000. அதில் பாதியைத் தவணைக்கு ஒதுக்கினாலும் 27.5 லட்சத்துக்குச் சற்று மேல்தான் தேறும். 12 லட்சத்துக்கு மேல் துண்டு விழுகிறது. பணத்தைவிட என்னை உறுத்தியது பத்திரம். சொத்தில் பங்குள்ளவர் அனைவரும் கடனிலும் கையெழுத்திட வேண்டும் என்பது வங்கிகளின் வழக்கம். எனவே அத்தானைக் கடனிலிருந்து விலக்கினால் பத்திரத்திலிருந்தும் விலக்கியாக வேண்டும். அந்த 10 லட்சத்தில் பாதி அவர் சேர்த்தது. பழைய வரி முறையில் இணை உரிமையாளராகவும் இணைக் கடன்தாரராகவும் இருப்பவருக்குக் கிடைக்கும் 2 லட்சம் வரையான வட்டிக் கழிவும் அவருக்குக் கிடைக்காது. ஒரு சம்பளமே போதும் என்ற குடும்பத்துக்கு இந்த வழி சரி, இவர்களுக்கு இல்லை.

அப்பாவைச் சேர்த்துக்கொள்ளலாமே என்றாள் அம்மா. அவருக்கு வயது 66. வங்கி கடன் காலத்தைச் சுருக்கும், தவணை எகிறும். அந்தப் பேச்சை அங்கேயே விட்டோம்.

மிஞ்சியது காத்திருப்பது. சிபில் போன்ற ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும். நம் அறிக்கையை நாமே பார்ப்பதால் மதிப்பெண் குறையாது. நாலைந்து வங்கிகளில் ஒரே நேரத்தில் விண்ணப்பித்தால் அடி விழும். அத்தானின் அறிக்கையை விரல் வைத்துப் படித்தோம். மாதக் கட்டங்களில் இருப்பது தவணை எத்தனை நாள் தாமதம் என்ற எண். 000, 000 என்று ஒழுங்காக வந்த வரிசை, 2024-இல் அவர் வேலை இழந்த இடத்தில் 030, 060, 090 என்று சரிகிறது. கிரெடிட் கார்டு நிலுவை 38,000. வங்கி 20,000 வாங்கிக்கொண்டு கணக்கை முடித்தது. தீர்ந்தது என்றே அவர் நம்பியிருந்தார். அறிக்கையிலோ 'செட்டில்டு' என்று நிற்கிறது, 'குளோஸ்டு' இல்லை. இந்த ஒரு சொல்லை அடுத்த வங்கி, வாங்கியதை முழுதாகத் திருப்பித் தராதவர் என்றுதான் படிக்கும். அதற்குக் கீழே, முழுதும் கட்டி முடித்த பைக் கடன் இன்னும் நிலுவை என்று காட்டுகிறது. அது அவர் தவறே அல்ல. புகார் கொடுத்தால் 30 நாளுக்குள் தீர்க்க வேண்டும்; தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பது ரிசர்வ் வங்கியின் விதி.

எட்டு மாதம் காத்திருந்தால் வாடகை 1,12,000 ரூபாய் போகும், வீட்டு விலையும் ஏறலாம். அதற்குள் 750 வந்துவிடும் என்று எவராலும் உறுதி சொல்ல முடியாது. ஆனாலும் இருவர் பெயரும் பத்திரத்தில் ஏறி, வட்டியும் குறைய வழியிருப்பது இதில் மட்டும்தான். நான் இதையே சொன்னேன்.

மீதி 18,000-ஐ அத்தான் கட்டிவிட்டார். நிலுவையில்லாச் சான்று கையில் இருக்கிறது. பைக் கடனுக்குப் புகாரும் பதிவாகிவிட்டது. கட்டுநர் முன்பணம் கேட்டு தினமும் அழைக்கிறார். அக்கா இன்னும் கொடுக்கவில்லை.