கார்பனா, அலுமினியமா, ஸ்டீலா? ஒரு வேகக் காரின் எடைக் கணக்கு

ஆனித் திருவிழாவில் நெல்லையப்பர் தேர் ரத வீதி முனையில் திரும்புவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு, எடை என்றால் என்னவென்று தனியாகச் சொல்லித் தர வேண்டாம். கிளப்புவதற்கு வடம் பிடிக்க அத்தனை கைகள் வேண்டும், பின்னாலிருந்து தடி போட வேண்டும். உருள ஆரம்பித்துவிட்டால் நிறுத்துவது அதைவிடப் பெரிய பாடு. சக்கரத்துக்கு அடியில் சறுக்குக்கட்டை கொடுப்பவர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறார். கிளம்புவது, நிற்பது, திரும்புவது: ஒரு வேகக் காருக்கும் இந்த மூன்றுதான் வேலை. குதிரைசக்தியைக் கூட்டினால் முதலாவது மட்டும் சரியாகும். எடையைக் குறைத்தால் மூன்றும் சரியாகும்.

சரி, எதைக் கொண்டு குறைப்பது? களத்தில் இருப்பவை கார்பன் ஃபைபர், அலுமினியம், ஸ்டீல்.

கார்பனுக்குத்தான் பெயர் அதிகம். 1981-இல் மெக்லாரன் எம்பி4/1 பந்தயக் காரின் சட்டகமாக வந்து, 1992-இல் மெக்லாரன் எஃப்1 மூலம் சாலைக்கு இறங்கியது. 6.1 லிட்டர் வி12 எஞ்சினைச் சுமந்தும் அந்தக் காரின் எடை சுமார் 1,140 கிலோதான். ஒரு கன சென்டிமீட்டர் ஸ்டீல் 7.8 கிராம், அலுமினியம் 2.7, கார்பன் இழையும் ரெசின் என்ற பிசினும் சேர்ந்த கலவை சுமார் 1.6.

இதன் சூட்சுமம் பத்தமடைப் பாயில் இருக்கிறது. பாயைச் சுருட்டிப் பாருங்கள். கோரை ஓடும் திசைக்குக் குறுக்கே மடங்காது. மற்றத் திசையில் சொன்னபடி கேட்கும். கார்பன் இழையும் அப்படித்தான், தான் ஓடும் திசையில் மட்டும்தான் விறைப்பு. அதனால் பொறியாளர்கள் ஒரு படலத்தை நெடுக்காக, அடுத்ததைக் குறுக்காக, இன்னொன்றைச் சாய்வாக வைத்து, ரெசினோடு சேர்த்து அழுத்த அடுப்பில் வேகவைக்கிறார்கள். எங்கே பாரம் விழுகிறதோ அங்கே மட்டும் படலத்தைக் கூட்டலாம். உலோகத்தில் இது இவ்வளவு சுலபமில்லை.

குறை எங்கே என்பதை வண்ணார்பேட்டையில் ஒரு டிங்கர் அண்ணாச்சியிடம் பார்த்தேன். நண்பனுடைய பைக்கின் கார்பன் மூடி ஒன்று கீழே விழுந்திருந்தது. வெளியே ஒரு கீறல்கூட இல்லை. அண்ணாச்சி பத்து ரூபாய்க் காசை எடுத்து, காருகுறிச்சிப் பானையைத் தட்டிப் பார்ப்பதுபோல் வரிசையாகத் தட்டிக்கொண்டே வந்தார். டண், டண், டண். ஓரிடத்தில் நிறுத்தினார். “என்ன தம்பி, இங்க மட்டும் சொத்துன்னு கேக்கு?” உள்ளே படலம் பிரிந்திருந்தது. காசால் தட்டிப் பார்ப்பது விமானக் கூடங்களிலும் உள்ள சோதனைதான், அவருக்கு அது பானைக் கடையில் கற்ற பழக்கம். தகரம் என்றால் நெளிந்து காட்டிக்கொடுக்கும், கார்பன் காட்டாது. இன்னொன்று, கார்பன் அலுமினியத்தைத் தொட்டுக்கொண்டிருந்து உப்பு ஈரமும் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கும். நடுவில் காப்புப் படலம் வைத்தே ஆக வேண்டும். உவரிப் பக்கம் கடற்காற்றில் வண்டியை நிறுத்துகிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

அலுமினியத்தில் ஒரு முரண் உண்டு. எடை ஸ்டீலில் மூன்றில் ஒரு பங்கு, விறைப்பும் அதே மூன்றில் ஒரு பங்கு. ஸ்டீல் சட்டத்தை அதே அளவில் அலுமினியத்தில் செய்தால் வளையும். ஆகவே வடிவத்தை மாற்ற வேண்டும்: குழாயின் குறுக்களவைப் பெரிதாக்கி, சுவரை மெல்லியதாக வைக்க வேண்டும். 1996-இல் வந்த லோட்டஸ் எலிஸ் இதற்குப் பாடப்புத்தகம். அச்சில் பிதுக்கியெடுத்த அலுமினியச் சட்டங்களை வெல்டிங் செய்யாமல் எபாக்சி பசையால் ஒட்டினார்கள். வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அலுமினியத்தின் வலு குறையும், பசைக்கு அந்தத் தொல்லை இல்லை. கதவடிப் பகுதி அவ்வளவு அகலமாக, உயரமாக இருப்பதால் உள்ளே ஏறுவதற்குக் காலை மடக்கி வளைக்க வேண்டும். அந்தச் சிரமம்தான் விறைப்புக்குக் கொடுத்த விலை. சட்டகத்தின் எடை 68 கிலோ.

இப்போது 2013-இல் வந்த ஆல்ஃபா ரோமியோ 4சி காரைப் பக்கத்தில் வையுங்கள். அதன் கார்பன் தொட்டி, அதாவது ஆட்கள் உட்காரும் நடுச் சட்டகம், 65 கிலோ. வித்தியாசம் மூன்றே கிலோ! முழு வண்டியாக எடுத்தால் எலிஸ் 725 கிலோ சுமார், 4சி பெட்ரோல், எண்ணெய் போன்ற திரவங்கள் இல்லாமலே 895. இரண்டும் ஒரே காலத்தவை இல்லை என்பது நியாயம்தான். 4சி-யில் டர்போ எஞ்சின், இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ், இரண்டு மடங்கு சக்தி, கூடுதல் பாதுகாப்பு எல்லாம் உண்டு. ஆனாலும் அந்த 170 கிலோவைத் தீர்மானித்தது சட்டகத்தின் பொருள் இல்லை, அதன்மேல் ஏற்றி வைத்த சாமான்கள்.

ஸ்டீலை ஒதுக்க வேண்டாம். அரிவாளைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்குவதுபோல், சிறிது போரான் கலந்த ஸ்டீல் தகட்டைச் செஞ்சூட்டில் அச்சிலேயே அழுத்திக் குளிர்விக்கிறார்கள். வலு, அதாவது உடையாமல் தாங்குவது, பல மடங்கு கூடும். விறைப்பு, அதாவது வளையாமல் நிற்பது, மட்டும் கூடுவதில்லை. 2015-இன் மஸ்தா எம்எக்ஸ்-5 பெரும்பாலும் ஸ்டீல்தான், ஆனாலும் சுமார் 1,000 கிலோவில் நிற்கிறது. பானெட் அலுமினியம். சக்கரத்துக்கு ஐந்து வீல் நட்டுக்குப் பதில் நான்கு போட்டார்கள். இந்தக் கஞ்சத்தனம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

என் ஓட்டு அலுமினியத்துக்கு. அடிபட்டால் கண்ணுக்குத் தெரியும். ஆர்கான் வெல்டிங் கடை நம்மூரிலேயே உண்டு, பானெட், மட்கார்டு அளவுக்காவது கைவைக்க ஆள் கிடைக்கும். ஒட்டிய சட்டகம் வளைந்தால் மட்டும் தயாரித்தவர்களைத்தான் தேட வேண்டும். விலையில் மிச்சமாகும் பணத்தைச் சக்கரத்திலும் பிரேக்கிலும் போடுவேன். ஸ்பிரிங்குக்குக் கீழே குறைகிற எடைக்கு மதிப்பு அதிகம், குண்டுகுழியில் டயர் தரையை விடாது. கார்பன் வீல் வேண்டாம், ஃபோர்ஜிங் செய்த அலுமினிய வீல் போதும். பாளையங்கோட்டையிலிருந்து பாபநாசம் போகிற வழியில் எத்தனை வேகத்தடை என்று எனக்குத் தெரியும்.