மைக்ராஸ்கோப்புக்குக் கம்ப்யூட்டர் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு: 18,000 வெள்ளி போன கதை

சிங்கப்பூரில் புவன விஸ்தா பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் மைக்ராஸ்கோப் அறை என் பொறுப்பு. மைக்ராஸ்கோப்பில் ஒரு குறையும் இல்லை, பத்து வருடமாக உழைக்கிறது. அதை ஓட்டிக்கொண்டிருந்த விண்டோஸ் 7 கம்ப்யூட்டரைத்தான் ஐடிக்காரர்கள் நெட்வொர்க்கிலிருந்து பிடுங்கிவிட்டார்கள். மைக்ரோசாஃப்டே 2020 ஜனவரி 14ஆம் தேதியோடு அதைக் கைகழுவிவிட்டதால் அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. சரி, புதிது வாங்குவோம் என்று மூன்று கொட்டேஷன் கேட்டதில், கம்ப்யூட்டரும் மென்பொருளும் சேர்த்து 18,000 வெள்ளி என்ற ஓர் ஏஜென்ட்டிடம் மாட்டிக்கொண்டேன். பெயர் வேண்டாம். விற்க வந்தவர் நம்ம ஆள், வாய் நிறைய 'அண்ணே', தீபாவளிக்கு முறுக்கு டப்பா வேறு.

லேப்டாப்பில் டெமோ காட்டினார். கேமராவில் படம் வருகிறது, ஸ்டேஜ், அதாவது படமெடுக்கும் பொருளை வைக்கும் தட்டு, நகர்கிறது, எல்லாம் ஜோர். அந்த லேப்டாப்பில் எந்த ஒயரும் செருகியிருக்கவில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை! இந்த மாதிரி மென்பொருள்களில் போலிக் கேமரா ஒன்று உள்ளேயே இருக்கும், பயிற்சிக்காக வைத்திருப்பது. நான் தலையாட்டியது அதைப் பார்த்துத்தான். "நம்ம கேமராவிலும் ஓடுமா தம்பி?" என்று கேட்டதற்கு, "எல்லாம் ஓடும்ணே" என்றார். கொட்டேஷனிலும் 'பொருந்தும்' என்று ஒரு சொல் இருந்தது, எந்தக் கேமரா என்று இல்லை.

வந்து இறங்கியது ஒரு ஒல்லிப் பெட்டி. எங்கள் கேமரா, கேமரா லிங்க் என்ற பழைய வகை, அதற்கென்று தனி கார்டு செருக வேண்டும். அந்தக் கார்டு நுழையப் பெட்டிக்குள் இடமே இல்லை. வேறு பெட்டிக்கு இன்னும் 1,900 வெள்ளி. ஸ்டேஜுக்கு சீரியல் போர்ட் என்ற பழைய வகை இணைப்பு வேண்டும், அதுவும் இல்லை, ஒரு யுஎஸ்பி கன்வெர்ட்டரைக் கொடுத்துவிட்டுப் போனார். அறை துடைக்க வந்த அக்கா அதைக் கழற்றிப் பக்கத்து ஓட்டையில் செருகிவிட, கம்ப்யூட்டர் அந்த இணைப்புக்குக் கொடுத்திருந்த எண் காம் 3இலிருந்து காம் 7 ஆகிவிட்டது, ஸ்டேஜைக் காணோம் என்றது மென்பொருள். அன்று பாதி நாள் போச்சு.

டிஸ்க் கதை தனி. 2048க்கு 2048 புள்ளி, 16 பிட் என்றால் ஒரு படம் 8 எம்பி. விநாடிக்கு 100 படம் எடுத்தால் 800 எம்பி. அவர்கள் போட்டிருந்ததோ சுழலும் ஹார்ட் டிஸ்க், 200 எம்பி எழுதினாலே பெரிய விஷயம். பதிவைப் பார்த்தால் நடுநடுவே படங்கள் இல்லை. கடைசியில் சிம் லிம் ஸ்குவேருக்குப் போய் நானே வேகமான எஸ்எஸ்டி வாங்கிப் போட்டேன்.

ஆனால் வயிறு எரிந்தது வேறு விஷயத்துக்கு. ஒரு மாணவி இரண்டு வாரம் வளர்த்த செல்களை இரவு முழுக்கப் படமெடுக்க வைத்துவிட்டுப் போனாள். காலை 7 மணிக்கு வந்து பார்த்தால் திரையில் லாகின் பக்கம், கடைசிப் படம் 3:12க்கு. விண்டோஸ் அப்டேட் போட்டுக்கொண்டு தானாக ரீஸ்டார்ட் ஆகியிருக்கிறது. அதை நிறுத்தி வைக்கலாம்தான், ஆனால் அட்மின் பாஸ்வேர்டு ஏஜென்ட்டிடம். கேட்டால், 'பாலிசி'யாம். அவள் எங்கள் முன்னால் அழவில்லை, கழிவறைக்குப் போய்விட்டு வந்தாள்.

இப்போது மைக்ரோ-மேனேஜர் என்ற மைக்ராஸ்கோப் மென்பொருளில் ஓடுகிறது. காசு கிடையாது, திறந்த மூலம், 2005இல் கலிஃபோர்னியாவில் ரான் வேல் ஆய்வகத்தில் தொடங்கியது. எந்தக் கருவி எந்த சிஸ்டத்தில் ஓடும் என்று அவர்கள் தளத்தில் ஒவ்வொன்றாகப் போட்டிருக்கிறார்கள், நான் முதலிலேயே பார்த்திருக்க வேண்டியது அதை. எங்கள் புரொபசர் மேக் பிரியர், மேக்கிலும் வருமே என்றார். மென்பொருள் வரும், கேமராவை இயக்கும் டிரைவர் மென்பொருளைக் கேமரா கம்பெனி விண்டோஸுக்கு மட்டும்தானே கொடுக்கிறது.

வாங்கப் போகிறவர்கள், காசு கொடுக்குமுன் உங்கள் கேமராவையும் ஸ்டேஜையும் மாட்டி ஓர் இரவு முழுக்க ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு கருவியின் மாடல் எண்ணும் கொட்டேஷனில் இருக்கட்டும். அட்மின் பாஸ்வேர்டு உங்கள் கையில் இருக்கட்டும். எடுக்கும் படங்கள் எந்த மென்பொருளிலும் திறக்கும் டிஃப் (TIFF) கோப்பாக வருமா, அவர்கள் மென்பொருளில் மட்டும் திறக்கும் ஏதோ ஒன்றாக வருமா என்பதையும் கேளுங்கள், எங்கள் பழைய படங்கள் இன்னும் அதற்குள்தான் கிடக்கின்றன.

நேற்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது: "அண்ணே, மெயின்டெனன்ஸ் ரினியூவல், 2,400 வெள்ளி."