இறுகிப்போன ஸ்பார்க் பிளக், 1,480 வெள்ளி: பழைய கார் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள்

1,480 சிங்கப்பூர் வெள்ளி போய்விட்டது. ஒரே ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுவதற்கு. முழு விவரமும் தெரிந்து சில நாள் ஆகியும் கோபம் இன்னும் அடங்கவில்லை. எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். புகார் கொடுத்திருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை. வாங்கி விற்கும் கைப்பேசிச் செயலி ஒன்றில் விளம்பரம், தொழிற்பேட்டையில் மாடியில் ஒரு ஒர்க்‌ஷாப். அவ்வளவுதான் சொல்ல முடியும். இந்த வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்பதைக் கடைசியில் வரிசையாக எழுதுகிறேன்.

கார் 2006 கொரோலா ஆல்ட்டிஸ் 1.6, சிஓஇ (கார் வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழ்) புதுப்பித்து ஓடுவது. 3இசட்இசட் இன்ஜின், அலுமினிய ஹெட் (சிலிண்டர்களை மேலே மூடும் பகுதி, பிளக் மாட்டுவது இதில்தான்), 14 மில்லிமீட்டர் மரை பிளக், 16 மில்லிமீட்டர் சாக்கெட். நான்கில் மூன்று பிளக் சத்தமில்லாமல் வந்துவிட்டன. மூன்றாம் சிலிண்டர் பிளக் மட்டும் எட்டில் ஒரு சுற்று திரும்பி, கிரீச்சென்று சத்தம் போட்டு நின்றது. அந்தச் சத்தம் கேட்டதும் நிறுத்த வேண்டும், நிறுத்தியாகிவிட்டது. இரும்புப் பிளக்கும் அலுமினிய ஹெட்டும் ஈரத்தோடு வருடக்கணக்கில் ஒட்டிக்கிடந்தால் இரண்டுக்கும் நடுவில் அரிப்பு வெள்ளைப் பொடியாகப் படிந்து இறுக்கிவிடும். இன்ஜினைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவும் கார்களில் பிளக் குழிக்குள் தண்ணீர் தேங்குவதால் இது இன்னும் மோசம். முன்பு யாரோ டார்க் ரெஞ்ச் (முறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பானர்) இல்லாமல் கைப்பலத்தில் முறுக்கியிருந்தால் கேட்கவே வேண்டாம். இதற்கு மேல் அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தில் செய்ய வழியில்லை என்பதால்தான் ஒர்க்‌ஷாப் தேட வேண்டி வந்தது.

விளம்பரத்தில் இருந்தது இதுதான்: "இறுகிய பிளக் எடுத்துத் தரப்படும். 120 வெள்ளி. உடைந்தால் காசு வேண்டாம்."

நம்பிக்கை எந்த இடத்தில் வந்தது என்பதைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் நாளைக்கு உங்களுக்கும் அதே இடத்தில்தான் வரும். அங்கே இருந்தவர் தமிழர். காலியாக இருந்த நான்காம் சிலிண்டர் துளைக்குள் சின்னக் கேமராவை விட்டுக் கைப்பேசியில் பிஸ்டன் தலையைக் காட்டினார். "பாருங்கண்ணே, இன்ஜின் சுத்தமா இருக்கு. காத்தடிச்சு குழிய கிளீன் பண்ணிட்டு, எண்ணெய் விட்டு ராத்திரி ஊற வைப்போம். காலையில லேசா சூடாக்கி, கால் சுத்து அவுத்து, திரும்ப முறுக்கி, மறுபடி எண்ணெய் விட்டு, கொஞ்சம் கொஞ்சமா எடுக்கலாம். இம்பாக்ட் கன் எல்லாம் போடவே மாட்டோம்." ஒரு சொல் தப்பில்லை. அலுமினியம் சூட்டில் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், அதனால் கை பொறுக்கும் சூட்டில் மரை சற்று இளகும். முன்னும் பின்னும் திருப்புவது மரைக்குள் இருக்கும் பொடியை அரைத்து எண்ணெய்க்கு வழிவிடும். இதெல்லாம் தெரிந்த ஆள் என்று நம்பி, 120 வெள்ளியோடு நான்கு புது இரிடியம் பிளக்குக்கு 160 சேர்த்து 280 வெள்ளி பேநவ்வில் (கைப்பேசிவழி வங்கிப் பணப்பரிமாற்றம்) அனுப்பியாகிவிட்டது. அனுப்பியது நிறுவனத்தின் யுஇஎன் என்ற பதிவு எண்ணுக்கு அல்ல, ஒரு கைப்பேசி எண்ணுக்கு. அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை 10 மணிக்கு அழைப்பு. "பிளக் உடைஞ்சு போச்சுண்ணே. மரை ஹெட்டுக்குள்ள மாட்டிக்கிச்சு. ஹெட்ட இறக்கணும், புது ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் வைக்கும் தகடு) போடணும், 1,200 ஆகும். வேணாம்னா டோ வண்டி வச்சு எடுத்துட்டுப் போங்க." உடைந்தால் காசு வேண்டாம் என்றீர்களே என்று கேட்டால், "அது பிளக் எடுக்கிற கூலிக்குத்தான்" என்கிறார். கார் அவர்கள் கையில், இன்ஜின் திறந்து கிடக்கிறது. 1,200 வெள்ளியும் போனது. அன்று மாலை 6 மணிக்கே கார் தயார் என்று செய்தி. ரசீதில் கையால் எழுதிய இரண்டே சொற்கள்: இன்ஜின் ரிப்பேர். கடை முத்திரை இல்லை, பதிவு எண் இல்லை.

ஹெட் இறக்கிய கார் ஒரே நாளில் தயாரானது என்பதே பொய். இந்த இன்ஜினில் ஹெட்டை இறக்க வேண்டுமென்றால் கூலன்டை வடிக்க வேண்டும், வால்வ் கவர், செயின் கவர், செயின், கேம்ஷாஃப்ட் எல்லாம் கழற்ற வேண்டும். ஹெட்டின் முகம் நேராக இருக்கிறதா என்று அளக்க வேண்டும். செயின் கவரைக் கறுப்பு சீலன்ட் போட்டு ஒட்டி, அது காயவும் விட வேண்டும்.

மூன்றாம் நாள் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. கோட் பி0303, அதாவது மூன்றாம் சிலிண்டர் மிஸ்ஃபயர், எரிபொருள் சரியாகப் பற்றவில்லை. முடுக்கும்போது பிளக் குழியிலிருந்து "புஸ் புஸ்" என்று காற்று வெளியேறும் சத்தம். வேறொரு ஒர்க்‌ஷாப்பில் திறந்து பார்த்தோம். பிளக்கைத் திருப்பினால் பிளக்கோடு சேர்ந்து கம்பிச்சுருள் மரையும் (கெட்டுப்போன மரைக்குப் பதிலாகத் துளைக்குள் திருகும் சுருள்) வந்துவிட்டது! பழைய மரையை டேப் (மரை வெட்டும் கருவி) போட்டு வெட்டிக் கம்பிச்சுருளைத் திணித்திருக்கிறார்கள், அதுவும் கோணலாக. பிளக் வாஷர் உட்காரும் முகத்தில் பாதிதான் படிந்திருக்கிறது.

கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) பார்த்ததில் முதல், இரண்டாம், நான்காம் சிலிண்டர்களில் 175, 178, 172 பிஎஸ்ஐ. மூன்றாவதில் 90. கொஞ்சம் எண்ணெய் ஊற்றி மறுபடி பார்த்தபோதும் அதே 90. பிஸ்டன் ரிங் பிரச்சினையாக இருந்தால் எண்ணெய் விட்டதும் ஏறியிருக்கும். ஏறாததால் வால்வ் மேல்தான் சந்தேகம். கேமராவில் எக்ஸாஸ்ட் வால்வ் விளிம்பில் அலுமினியச் சீவல் நசுங்கி ஒட்டியிருப்பது தெளிவாகத் தெரிந்தது. டேப் போடும்போது கிராங்கைத் திருப்பி அந்தச் சிலிண்டரின் நான்கு வால்வுகளையும் மூடிய நிலையில் வைக்க வேண்டும், பிஸ்டன் டேப்பில் இடிக்காத உயரத்தில் இருக்க வேண்டும். டேப்பின் பள்ளங்களில் கெட்டியான கிரீஸ் அப்பி, அரைச் சுற்றுக்கு ஒருமுறை வெளியே எடுத்துத் துடைக்க வேண்டும். கடைசியில் மெல்லிய குழாய் வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். இவற்றில் ஒன்றையாவது செய்திருந்தால் இவ்வளவு சீவல் உள்ளே விழுந்திருக்காது.

ஹெட்டை இறக்கவே இல்லை என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. ஹெட்டும் பிளாக்கும் சேரும் கோட்டின் மேல் பழைய எண்ணெய்ப் பிசுக்கு விரிசல்கூட இல்லாமல் படிந்திருக்கிறது. வால்வ் கவர் போல்ட்டுகளின் தலையில் ஸ்பானர் பட்ட தடம் இல்லை. கூலன்ட் அதே பழைய கலங்கல். காரின் பின்பெட்டியில் ஒரு பிளாஸ்டிக் பையில் உடைந்த பிளக்கின் மேல்பாதி கிடந்தது. அதன் ஆறு முனைகளும் மழுங்கியிருக்கின்றன. பன்னிரண்டு முனை சாக்கெட்டை இம்பாக்ட் கன்னில் (அடித்துத் திருப்பும் விசைக்கருவி) மாட்டி அடித்தால் இப்படித்தான் இருக்கும். ஊறவும் வைக்கவில்லை, சூடாக்கவும் இல்லை. 160 வெள்ளி வாங்கிய இரிடியம் பிளக்கோ, பெட்டி மட்டும்தான் இரிடியம். உண்மையான இரிடியத்தின் நடு முனை ஊசி மாதிரி, குறுக்களவு 0.6 மில்லிமீட்டர் அளவுதான். இதில் 2.5 மில்லிமீட்டர் நிக்கல் குச்சி.

திரும்பக் கேட்டபோது வந்த பதில்களை அப்படியே தருகிறேன். முதல் நாள்: "பாஸ் ஜேபி (ஜொகூர் பாரு) போயிருக்காரு, நாளைக்குக் கூப்பிடுங்க." இரண்டாம் நாள்: "பழைய இன்ஜின் அண்ணே, நாங்க என்ன பண்றது." மூன்றாம் நாள்: "வேற ஒர்க்‌ஷாப்ல கை வச்சிட்டீங்க, இனி வாரண்டி கிடையாது." அதன்பிறகு வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும். செயலி நடத்துபவர்களிடம் முறையிட்டால், செயலிக்கு வெளியே பணம் கட்டியதால் தலையிட முடியாது என்று ஒரே பதிலை மூன்று முறை அனுப்புகிறார்கள். 1,480 வெள்ளிக்கு அவ்வளவுதான் மரியாதை. இப்போது உண்மையாகவே ஹெட்டை இறக்கித்தான் ஆக வேண்டும். அந்தச் செலவு தனி.

வரிசையாக எழுதுகிறேன் என்றேன். இப்போது கை ஓடவில்லை. அவசரமானவற்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். பிளக் கிரீச்சிட்டால் அங்கேயே நிறுத்தி, திரும்ப இறுக்கி, எண்ணெய் விட்டு ஓர் இரவு விடுங்கள். கன் வேண்டாம், ஆறு முனை சாக்கெட் மட்டும். "உடைந்தால் என்ன செலவு, யார் பொறுப்பு" என்று எழுத்தில் வாங்காமல் சாவியைக் கொடுக்காதீர்கள். மரை போனால் கம்பிச்சுருள் வேண்டாம், விளிம்பு வைத்த முழுக் குழல் மரை கேளுங்கள், அது பிளக்கோடு கழன்று வராது. ஹெட் இறக்கினேன் என்றால் பழைய ஹெட் கேஸ்கெட்டைக் கண்ணில் காட்டச் சொல்லுங்கள். புது பிளக்கைக் கையால் முட்டும்வரை திருகி, அதன்பிறகு அரை முதல் மூன்றில் இரண்டு சுற்று, அதற்கு மேல் வேண்டாம். கைப்பேசி எண்ணுக்குப் பணம் அனுப்பாதீர்கள்.

பயனீட்டாளர் சங்கத்தில் புகார் கொடுத்தாகிவிட்டது. சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரை கோரலாம், சம்பவம் நடந்த இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். திங்கட்கிழமை அங்கே மனு. உடைந்த பிளக், கம்பிச்சுருள், கேமராப் படங்கள், பேநவ் பதிவு எல்லாம் ஒரே பையில் இருக்கிறது. இதே மாதிரி ரசீது வைத்திருப்பவர்கள் தனிச்செய்தி அனுப்புங்கள். விளம்பரம் இன்று காலையும் இருந்தது. விலை மட்டும் 120-லிருந்து 98 ஆகியிருக்கிறது.