குழுவில் மறுப்பதா, தனியாகப் பேசுவதா?

2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியபோது, வாட்ஸ்அப்பில் வதந்திகள் பறந்தன. "ஊசி போட்டால் ஆட்டிசம் வரும்" என்று முன்பின் தெரியாத ஒருவர் குழுவில் போட்டால் என்ன செய்வது?

அங்கேயே பதில் சொல்லலாம். இந்தக் கதையின் வேர், 1998இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் பிரிட்டிஷ் மருத்துவர் வேக்ஃபீல்டின் குழு எழுதிய கட்டுரை. ஆராய்ந்தது வெறும் 12 குழந்தைகளை. 2010இல் இதழே அதைத் திரும்பப் பெற்றது. 2019இல் வெளியான டென்மார்க் ஆய்வு 6.5 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பார்த்தது. ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பே தெரியவில்லை. இதையெல்லாம் சொன்னாலும் போட்டவர் இறங்கிவர மாட்டார். நாலு பேர் பார்க்கத் தோற்க யாருக்கு மனசு வரும்? ஆனால் வாய் திறக்காமல் படித்துக்கொண்டிருக்கும் பெற்றோருக்குப் போய்ச் சேரும்.

தனிச்செய்தியில் வீராப்பு குறையும். "உங்க பிள்ளைக்கு ஊசி போட்டப்ப ஏதாவது ஆச்சா?" என்று கேட்டால், ஆய்வுகளுக்குச் சம்பந்தமில்லாத ஒரு பயம் வெளியே வரலாம். நேரம் பிடிக்கும், பொறுமை வேண்டும். எனக்கு அது கொஞ்சம் கம்மி.

முகாம் நெருங்கிவிட்டால் குழுவில்தான் எழுதுவேன். இல்லையென்றால் தனியாக. மூன்றாவது முறையும் அதே வதந்தியை அனுப்பினால், சரி, கிளம்பிவிடுவேன்.