ஸ்டிக்கரில் மோட்பஸ் டிசிபி கேட்வே, உள்ளே வெறும் கன்வெர்ட்டர்

எங்கள் நூற்பாலையின் எனர்ஜி மீட்டர்கள் ஆர்எஸ்-485 என்ற சீரியல் கம்பியில் மோட்பஸ் ஆர்டியூ என்ற தகவல் முறையை மட்டுமே அறிந்தவை என்பதால், அவற்றின் அளவுகளை ஈதர்நெட் வழியே ஸ்காடா என்ற கண்காணிப்பு மென்பொருளுக்குக் கொண்டுவர, கோவையிலுள்ள ஒரு சப்ளையரிடம், ஆர்டியூவை ஈதர்நெட்டுக்கான டிசிபி வடிவத்துக்கு மாற்றித்தரும் மோட்பஸ் டிசிபி கேட்வே ஆர்டர் செய்தோம். கொட்டேஷனிலும் பில்லிலும் ஸ்டிக்கரிலும் அந்தப் பெயரே இருந்தது. வந்து சேர்ந்ததோ, பைட்டுகளை மாற்றாமல் அப்படியே கடத்தும், விலை குறைந்த சாதாரண சீரியல் கன்வெர்ட்டர்.

பொருத்த வந்தவர் தம் லேப்டாப்பில் வோல்டேஜும் ஆம்பியரும் ஓடுவதைக் காட்டிக் கையெழுத்து வாங்கிச் சென்றார். ஸ்காடாவை இணைத்தபோது எல்லா மீட்டர்களும் டைம் அவுட். புகார் செய்தால், குறை ஸ்காடாவில்தான் என்று சொல்லி, வந்து பார்த்ததற்கும் தனி பில் போட்டார்கள்.

நெட்வொர்க்கில் போகும் பைட்டுகளைக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளில் பார்த்தபோது ஸ்காடாவின் கேள்வி 00 01 00 00 00 06 01 03 00 00 00 02 என்று முறைப்படியே இருந்தது. இதன் முதல் ஆறு பைட்டுகளைக் கழற்றி, மீதியின் முடிவில் பிழை கண்டறிய உதவும் இரண்டு பைட் சிஆர்சி சேர்த்து மீட்டருக்கு அனுப்புவதும், வரும் பதிலை மறுபடி டிசிபி வடிவத்துக்கு மாற்றுவதும்தான் கேட்வேயின் வேலை. ஆர்எஸ்-485 கம்பியில் ஒரு யுஎஸ்பி கன்வெர்ட்டரை இணைத்துப் பார்த்தால், அந்தப் பன்னிரண்டு பைட்டுகளும் அப்படியே வெளியே வந்துகொண்டிருந்தன. மீட்டர் முதல் பைட்டை முகவரியாகப் படிக்கும். 00 என்பது எல்லோருக்குமான அழைப்பு, அதற்குப் பதில் அனுப்பக் கூடாது. போதாக்குறைக்குச் சிஆர்சியும் பொருந்தாது. பாவம், மீட்டர் என்ன செய்யும்? லேப்டாப்பில் மட்டும் ஓடியதன் காரணம், பொருத்த வந்தவர் தம் மென்பொருளில், ஆர்டியூ வடிவத்தையே ஈதர்நெட்டில் அனுப்பும் 'ஆர்டியூ ஓவர் டிசிபி' முறையைத் தேர்ந்திருந்ததுதான். அதை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்த முறையை ஏற்கும் ஸ்காடாவுக்கு இதே பெட்டி போதும், ஆகவே பெட்டியைப் பழிக்கவில்லை. கேட்வே என்று சொல்லி கேட்வே விலைக்கு விற்றதைத்தான் மோசடி என்கிறேன். வாங்குபவர்கள் கையெழுத்திடும் முன் தங்கள் ஸ்காடாவிலிருந்தே மோட்பஸ் டிசிபிக்கான 502 போர்ட் வழியாக மீட்டரைப் படித்துக்காட்டச் சொல்லுங்கள். பெட்டியின் செட்டிங் பக்கத்தில் டிசிபி சர்வர், டிசிபி கிளையண்ட், யுடிபி ஆகியவை மட்டும் இருந்து, மோட்பஸ் என்ற தேர்வே இல்லையென்றால் பணம் கொடுக்காதீர்கள்.

கையெழுத்தைக் காட்டித் திரும்ப எடுக்க மறுக்கிறார்கள். வயர்ஷார்க் பதிவை இணைத்து எழுத்துப்பூர்வமாகப் புகார் அனுப்பியுள்ளோம். மீதித் தொகையை நிறுத்தி வைத்திருக்கிறோம்.